கடல் தொட்டி கற்றுக்கொள்ள வருகிறவர்கள்

நம் ஊரில் என்ன இல்லை என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கடல் என்று சொல்லிவிடும். அலை பார்க்க ஆசைப்பட்டால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் பொன்னானிப் பக்கம் போக வேண்டும். அப்படிப்பட்ட கோயமுத்தூரில், வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் கடல் தண்ணீர் செய்து, கோமாளி மீனும் பவளமும் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் யார் யாரையோ விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து சேருகிறார்கள்.

எனக்கு இதில் பெரிய தகுதி ஒன்றும் கிடையாது. மீன்வளம் படித்தவனில்லை, ஆபீசில் கோப்புப் பார்த்துக் காலம் தள்ளியவன். ஓய்வுக்குப் பிறகு 200 லிட்டரில் ஒரு தொட்டி வைத்தேன், அது இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் பொழுதுபோக்கில் ஒரு தொட்டி பல வருஷம் உயிரோடு இருப்பதே ஒரு சான்றிதழ் மாதிரி. பலருடைய தொட்டி ஆறு மாதத்தில் காய்ந்து, மாடியில் கீரை வளர்க்கப் போய்விடுகிறது.

வருகிறவர்கள் பல தினுசு. சரவணம்பட்டி கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள், ஒரு பல் டாக்டர், பொள்ளாச்சியில் தோப்பு வைத்திருப்பவரின் மகன் ஒருவர். பாதிப் பேர் 2003இல் வந்த நீமோ படத்தைச் சின்ன வயதில் பார்த்தவர்கள். இப்போது கையில் நாலு காசு வந்ததும் அந்த ஆசை தலை தூக்குகிறது. "நீமோ ஒரு ஜோடி, டோரி ஒண்ணு, அப்புறம் ஒரு கடல் குதிரைங்க சார்" என்று மளிகைச் சீட்டு மாதிரி சொல்வார்கள்.

அங்கேயே என் வேலை ஆரம்பித்துவிடும். நீமோ சரி. கோமாளி மீனை மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையங்களில் குஞ்சு பொரிக்க வைத்து வெற்றி கண்டிருக்கிறார்கள். தொட்டியிலேயே பிறந்து, தொட்டித் தீனி தின்று பழகிய மீன் கிடைக்கிறது. டோரி என்கிற நீல மீன் அப்படியில்லை. ஒரு அடி நீளம் வளரும். ஓடி ஓடி நீந்தும் ஜாதி. அதைத் தொட்டியில் முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டியது முதன்முதலாக 2016இல்தான், அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில். கடையில் தொங்கும் பையில் இருப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு பவளத்திட்டில் வலை போட்டுப் பிடித்தது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடிக்கிற வழக்கமும் உண்டு. அப்படிப் பிடித்த மீன் கடையில் நன்றாகத்தான் நீந்தும். வீட்டுக்கு வந்த சில வாரங்களில் காரணமே தெரியாமல் செத்துப்போகும். கடல் குதிரையை வாங்குவதும் விற்பதும் நம் நாட்டில் குற்றம். ஆக, மூன்றில் இரண்டு அடிபட்டுப் போகும். இந்த "வேண்டாங்க" என்ற சொல்லைக் கேட்டதும் வந்தவரின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பேன். காபியை வைத்துவிட்டு "யோசிச்சுட்டு வர்றேனுங்க" என்று எழுந்தால் திரும்பி வரமாட்டார். "அப்ப வேற என்னங்க விடலாம்?" என்று கேட்டால் ஆள் தேறுவார்.

அடுத்தது ஒரே ஒரு கேள்விதான். பணம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை (எப்படியும் ஒரு நல்ல மொபெட் விலை ஆகும்). வெறும் தண்ணீரை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்பேன். சிரிப்பார்கள். விளையாட்டுக்குக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். சிறுவாணித் தண்ணீரைப் பற்றி நமக்கெல்லாம் ஒரு பெருமை உண்டு. அது நியாயமான பெருமைதான். ஆனால் பவளத் தொட்டிக்கு அந்தப் பெருமை செல்லாது. குழாயில் வருவதில் குளோரின் இருக்கும். பல்லடம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆர்.ஓ. போட்டு, டி.டி.எஸ். மீட்டரில் சுழி காட்டுகிற வரை வடிகட்ட வேண்டும். வீட்டில்தான் ஆர்.ஓ. இருக்கிறதே என்பார்கள். குடிக்கிற ஆர்.ஓ. மெஷினில் ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரை மறுபடி கலந்துவிடுகிற ஒரு திருகு இருக்கிறது. மீட்டரை வைத்துப் பார்த்தால் 60, 70 என்று காட்டும். இதை முதல் நாளே காட்டிவிடுவேன். கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள்.

அந்தச் சுத்தத் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடல் உப்புக் கலவை. 200 லிட்டருக்கு 7 கிலோ. சமையல் உப்பு போட்டால் என்ன என்று கேட்காதவர் கிடையாது. சமையல் உப்பு சோடியம் குளோரைடு மட்டும். கடலில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்ஃபேட் எல்லாம் கணக்காக இருக்கிறது. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் கால்சியம் 400 மில்லிகிராமுக்கு மேல் உண்டு; கல் பவளம் தன் எலும்பைக் கட்டுவது அதை எடுத்துத்தான்.

இதற்குப் பிறகு வருவது எல்லாப் புதியவர்களும் தடுக்கி விழும் இடம். தொட்டியில் தண்ணீர் குறைந்ததும் மறுபடி உப்புத் தண்ணீரை ஊற்றுவார்கள். வேதாரண்யத்து உப்பளத்தை நினைத்துப் பாருங்கள் என்பேன். தண்ணீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. தொட்டியும் ஒரு சின்ன உப்பளம்தான். குறைந்தது நல்ல தண்ணீர், ஆகவே ஈடு கட்ட வேண்டியதும் நல்ல தண்ணீர். உப்பளம் என்று சொன்ன அந்த நிமிஷமே புரிந்துவிடுகிறது.

நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. பவளத் தொட்டி 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும். ஏப்ரலில் அது கஷ்டம்தான். ஆனால் நம் ஊர்க் காற்று சென்னைக் காற்று மாதிரி ஈரக் காற்று அல்ல. தொட்டியின் மேல் ஒரு சின்ன மின்விசிறியை வைத்தால் தண்ணீர் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி இறங்கிவிடும். கரண்டு இருக்கும் வரையில்தான் இதெல்லாம். 2012இல் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் கரண்டு இல்லாமல் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. பம்பு நின்றால் தண்ணீரில் பிராணவாயு சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே இன்வர்ட்டர், இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு. நாடு முழுக்க மோட்டார் பம்பு அனுப்புகிற ஊரில், தொட்டிக்கு வேண்டிய உள்ளங்கை அளவுப் பம்புக்குச் சீனாவைப் பார்த்து நிற்கிறோம் என்பதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

இனி இறால். தொட்டி, மணல், பாறை, உப்புத் தண்ணீர், பம்பு எல்லாம் தயார். வந்தவர் மீன் வாங்கக் கிளம்பிவிடுவார். நான் உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போய் ஒரே ஒரு பச்சை இறால் வாங்கிவரச் சொல்வேன். அதைத் தொட்டியில் போட்டு அழுக விடவேண்டும். வீட்டுப் பெண்களுக்கு என்மேல் கோபம் வருவது இந்தக் கட்டத்தில்தான். ஒரு பெண்மணி போன் போட்டு, "ஏனுங்க, வீடு முச்சூடும் நாறுது. நீங்க சொன்னீங்கன்னு இவரு எடுக்க மாட்டேங்கறாரு" என்றார்.

விஷயம் இதுதான். அழுகும் பொருளிலிருந்தும் மீனின் கழிவிலிருந்தும் அம்மோனியா வருகிறது. மீனுக்கு அது விஷம். ஒருவகைப் பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட் ஆக்கும், அதுவும் ஆகாது. இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு கெடுதல் இல்லை, வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இந்தப் பாக்டீரியாக்கள் பாறையிலும் மணலிலும் குடியேறிப் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். என் தொட்டி மணலில் ஒரு பிடி கொடுத்தனுப்புவேன். அது பாலுக்குப் பிரைமோர் ஊற்றுவது மாதிரி. அப்படியும் அவசரப்படுத்த முடியாது. தயிரைக் கிளறிக் கிளறிப் பார்த்தால் உறையுமா?

ஆளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டும் கொடுத்துவிடுவேன். தேதி, வெப்பம், உப்பின் அளவு, அம்மோனியா, நைட்ரைட். தினமும் எழுத வேண்டும். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு அது இறங்க நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கும். எழுதியதைப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று உள்ளே நடப்பது தெரியும். போனில் ஒரு செயலியில் பதிவு செய்துகொள்கிறேன் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஆனால் நோட்டு எழுதியவர்களின் தொட்டிதான் நின்றிருக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் வாரம் பொறுமை போய்விடும். "ஏனுங்க சார், இன்னும் எத்தனை நாளைக்குங்க வெறுந் தண்ணியவே பாத்துட்டு இருக்கறது?" என்று பொள்ளாச்சித் தம்பி கேட்டார். அப்போது சொல்வதற்கென்றே சில கதைகள் வைத்திருக்கிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். ஆபீசில் அதற்கு எந்த உபயோகமும் இருக்கவில்லை. கடல் தொட்டி வைத்த பிறகுதான் அந்தப் பாஷை கை கொடுத்தது. ழான் வில்ப்ரோ-பவர் என்று ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. 1794இல் பிறந்தவர், பாரிசில் துணி தைத்துப் பிழைத்தவர். கல்யாணமாகி இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போனார். அங்கே ஆர்கோநாட் என்று ஓட்டுக்குள் வாழும் ஒருவகைப் பேய்க்கணவாய் உண்டு. அது ஓட்டைத் தானே செய்கிறதா, நத்தையிடம் திருடிக்கொள்கிறதா என்று பெரிய மனிதர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த அம்மாள் 1832இல் கண்ணாடித் தொட்டி செய்து, கடல் தண்ணீர் விட்டு, அதில் வைத்துக் கண்ணால் பார்த்தே, தானே செய்கிறது என்று நிரூபித்துவிட்டார். கடல் தொட்டிக்கு முதல் தாய் அவர்தான் என்று எழுதுகிறார்கள்.

மொனாக்கோவில் ஒரு கடல் மியூசியம் இருக்கிறது. 1910இல் திறந்தது, நீருக்கடியில் படமெடுத்த கூஸ்தோ அதற்கு முப்பது வருஷம் இயக்குநராக இருந்தார். அங்கே 1980களின் கடைசியில் ழோபேர் என்ற பேராசிரியர், தொட்டிக்கு அடியில் ஒரு வெற்றிடம் விட்டு, அதன்மேல் கனமாக மணலைப் பரப்பி, மணலில் வாழும் நுண்ணுயிரை வைத்தே தண்ணீரைச் சுத்தமாக்கிப் பவளம் வளர்த்தார். அதற்கும் முன்னாலேயே, 1961இல், ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையும் காற்றுக் குமிழியும் மட்டும் வைத்து அதைச் செய்து எழுதியிருந்தார். மெஷினை நம்பாமல் பாக்டீரியாவை நம்பியவர்கள் இவர்கள். தம்பிக்கு இதெல்லாம் எவ்வளவு பிடித்ததோ தெரியாது, ஆனால் அந்த வாரம் கடைக்குப் போகவில்லை.

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. கஷ்டமானது பவளம்.

நம் வீடுகளில் பழைய ஷோகேஸைத் திறந்தால், ராமேஸ்வரம் போனபோது வாங்கிய வெள்ளைப் பவளக்கல் ஒன்று இருக்கலாம். அந்தக் காலத்தில் அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. தூத்துக்குடிப் பக்கம் பவளத்தை வண்டி வண்டியாக வெட்டிச் சுண்ணாம்புக்கும் கார்பைடுக்கும் அனுப்பினார்கள். மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். அவற்றைச் சேர்த்து 1986இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அந்த இருபத்தொன்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு இன்று கடலுக்கு மேலே இல்லை. சுற்றிலும் இருந்த பவளத்தை வெட்டி எடுத்ததால் அலையைத் தடுக்க ஒன்றுமில்லாமல் மூழ்கிவிட்டன. மிச்சமிருப்பதையும் 2010இலும் 2016இலும் கோடை வெப்பம் வெளிறச் செய்தது. பவளம் என்பது ஒரு பிராணி. அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாசிதான் அதற்கு முக்கால் சோறு போடுகிறது. தண்ணீர் அளவு மீறிச் சூடானால் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். கோயமுத்தூர்த் தொட்டியில் மின்விசிறி நின்றால் நடப்பதும் அதுவே.

2001இல் கல் பவளம் முழுவதையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். கடல் குதிரை, கடல் விசிறி, கடல் அட்டை எல்லாம் அதே சமயத்தில் சேர்ந்தவைதான். புலிக்கு உள்ள பாதுகாப்பு இதற்கும் உண்டு. பிடிபட்டால் 3 முதல் 7 வருஷம் வரை சிறை. இது ஷோகேஸ் கல்லுக்கும் பொருந்தும் என்று சொன்னால் நிறையப் பேர் திடுக்கிடுகிறார்கள்.

அப்படியும் ரகசியமாக விற்கிறார்கள். என்னிடம் ஒன்றரை வருஷம் கற்றுக்கொண்ட ஒருவர் இருந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து சோதனை செய்யப் பழகியவர். தொட்டி அருமையாக இருந்தது. ஒரு நாள் போனில் படம் காட்டினார். மான் கொம்பு மாதிரிக் கிளை விட்ட கல் பவளம், நுனியெல்லாம் ஊதா. யாரோ ஒருவர் ராத்திரி பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். "நம்ம தொட்டியில கட்டாயம் வளருமுங்க சார். நீங்க வந்து இடம் மட்டும் பார்த்துச் சொன்னாப் போதும்" என்றார். நான் வரமாட்டேன் என்றேன். "கடல்ல எப்படியும் சூட்டுல சாகத்தானே போகுது, இங்கயாவது பொழைக்கட்டுமுங்க" என்றார். சாமர்த்தியமான வாதம். யோசித்துத்தான் பதில் சொன்னேன். பிழைக்க வைப்பதுதான் நோக்கம் என்றால் அதற்கென்று தூத்துக்குடியில் ஆராய்ச்சி நிலையம் வைத்து, உடைந்த துண்டுகளைக் கடலுக்கடியிலேயே கட்டி வளர்க்கிறார்கள்; நாம் செய்வது பிழைக்க வைப்பதற்கல்ல, பார்ப்பதற்கு என்றேன். அவர் பிறகு வரவில்லை. கல்யாணப் பத்திரிகைகூடத் தபாலில்தான் வந்தது. எனக்கு வருத்தம்தான். நல்ல கைராசி உள்ள ஆள்.

சட்டம் தொடாதவை இல்லாமல் இல்லை. காளான் மாதிரி இருக்கும் சிலவகை மென் பவளங்கள், பூப்பூவாக விரியும் ஸோவாந்திட்கள். ஒருவர் தொட்டியில் பெருகினால் வெட்டி இன்னொருவருக்குத் தரலாம், வாழைக் கன்று பெயர்த்துக் கொடுக்கிற மாதிரி. என் தொட்டியிலிருந்து போன ஒரு பச்சைக் காளான் இப்போது ஈரோட்டில் ஒரு வீட்டிலும் திருப்பூரில் ஒரு வீட்டிலும் இருக்கிறது. ஒரு வார்த்தை எச்சரிக்கையும் சேர்த்தே கொடுப்பேன். ஸோவாந்திட் சிலவற்றில் கடும் விஷம் உண்டு. கையுறை போட்டுத்தான் தொடவேண்டும், பாறையைக் கொதிக்கிற தண்ணீரில் போடவே கூடாது, ஆவியே ஆளைச் சாய்த்துவிடும்.

"இத்தனை வேண்டாம் சொல்றதுக்கு, தொட்டியே வேண்டாம்னு சொல்லிட்டா என்ன?" என்று என் வீட்டுக்காரி கேட்பாள். சரியான கேள்விதான். என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவே. நான் வேண்டாம் என்றால் அவர்கள் தொட்டி வைக்காமல் இருக்கப் போவதில்லை, கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வைப்பார்கள். கடைக்காரரும் கெட்டவரில்லை, மீன் விற்றால்தான் அவருக்குச் சாப்பாடு, இறால் அழுகும் வரை காத்திருக்கச் சொல்ல அவரால் முடியாது. அதைச் சொல்ல, வாங்கவும் விற்கவும் ஒன்றுமில்லாத ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. பென்ஷன் வாங்குகிறவனுக்கு அது தோதான வேலை. அவளுக்கு இந்தப் பதில் முழுத் திருப்தி இல்லை.

பொள்ளாச்சித் தம்பி ஆறாம் வாரம் கோமாளி மீன் ஒரு ஜோடி விட்டார். கோமாளி மீன் பிறக்கும்போது எல்லாமே ஆண்தான்; ஜோடியில் பலத்தது பெண்ணாக மாறிவிடும். அவருடைய ஜோடி போன ஆடியில் மண் சட்டி ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை வைத்தது. ஆண் விசிறிக் கொண்டே காவல் இருந்தது. ஒரு வாரம் கழித்து, விளக்கணைத்த பிறகு பொரித்தது. மறுநாள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஊசி முனை மாதிரிக் குஞ்சுகள். மூன்றாம் நாளுக்குள் அத்தனையும் போய்விட்டன. அவற்றுக்கு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரைத் தீனியாகத் தரவேண்டும், அந்த ரோட்டிஃபருக்குப் பச்சைப் பாசி தரவேண்டும். இரண்டையும் முன்கூட்டியே வளர்த்து வைத்திருக்க வேண்டும். முட்டை வருமென்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது தோப்பு வீட்டுத் திண்ணையில் ஐந்து பிளாஸ்டிக் வாளிகளில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. ரோட்டிஃபர் எங்கே வாங்குவது என்று கேட்டார். மண்டபத்தில் விசாரிக்கலாம் என்றேன். அடுத்த மாதம் காரில் போகிறார். "நீங்களும் வாங்க சார், பின்சீட்டு முழுக்க உங்களுக்குத்தான், காலை நீட்டிக்கலாம்" என்று கூப்பிட்டிருக்கிறார். முழங்கால் தைலத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.